தூரத்தில் மெல்ல, பக்கத்தில் வேகம்

மோட்டார் விஷயத்தில் என் காது பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறவன் நான். எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை வைத்திருக்கிறேன். வேகம் ஏறி இறங்கி ஓடுகிற மோட்டாருக்கு நோய் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

என் மனைவி அறிவியல் காட்சியகத்தில் மாதிரிகள் செய்கிறாள், தற்காலிகமாக. இன்று அவள் செய்த கோள் மாதிரி இயக்குநருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். முட்டை வடிவத் தண்டவாளம், அதற்குள் ஒரு ஓரமாகச் சூரிய விளக்கு, தண்டவாளத்தில் சுற்றி வரும் பந்து.

காலையில் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். அவள் இயக்குநரை அழைத்துவரப் போயிருந்தாள். பந்து விளக்கருகே விர்ரென்று ஓடியது, தூரத்தில் நத்தையாய் ஊர்ந்தது. அடிப்பாவி, இதை வைத்துக்கொண்டா வேலை கேட்கப் போகிறாய் என்று பதறி, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட் கார்டைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகக் கொடுத்தேன். பந்து சீராக ஓடியது. சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு பெருமையாக நின்றேன்.

இயக்குநர் அவளோடு வந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"சூரியன்கிட்ட வரும்போது கோள் வேகமா ஓடணும், அங்க வர்ற பருவம் சீக்கிரம் முடியணும். தூரத்துல மெதுவா போகும், அங்க பருவம் நீளும். இதைக் காட்டத்தானேம்மா இந்த மாடல்?"

அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு தலை குனிந்தாள்.

"என் தப்புதான் சார். சரிபாக்காம விட்டுட்டேன்."

நான் ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்துக் காட்டினேன்.

"இல்ல சார், நான்தான். மோட்டார் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக் கார்டைக் கழட்டிட்டேன்."

அவள் கார்டைத் திரும்ப மாட்டினாள். பந்து தூரத்தில் தயங்கி, விளக்கருகே பாய்ந்தது. இயக்குநர் முகம் மலர்ந்து கை நீட்டினார். என்னிடம்.

"வீட்டுக்காரர் மெக்கானிக்கா? அதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு."

"ஐயோ சார், எல்லாம் இவ செஞ்சது. நான் கெடுத்தது மட்டும்தான்."

"ரொம்ப அடக்கம்," என்று சிரித்தவர், அவளிடம் திரும்பினார். "உங்க விஷயம் அப்புறம் பாக்கலாம்மா. தனியா செய்வீங்களான்னு தெரியணும்ல."

கை வைத்தும் கெடுத்தேன், வாய் திறந்தும் கெடுத்தேன். அவர் போன பிறகு அவள் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

"கண்ணாடியக் குடுங்க."

கொடுத்தேன். போட்டுக்கொண்டு, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.