ஒயர் அண்ணியின் அம்புக்குறிகள்

குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனைவியை வைத்துக்கொண்டு யாரும் வீட்டுப் பொருளை விற்கக் கூடாது. அந்தப் பொருளுக்குள் ஒரு பொய்யை வேறு ஒளித்து வைத்திருந்தால், நினைத்தே பார்க்கக் கூடாது. வாத்தியாருக்கு இது காலதாமதமாகத்தான் உறைத்தது. அதற்குள் கட்டிலின் மேல் அவருடைய கிட்டார் மல்லாந்து கிடந்தது, உடம்பெல்லாம் சிவப்பு அம்புக்குறிகளோடு.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அதனால் எல்லோருக்கும் வாத்தியார். மனைவிக்குச் சட்டைத் தொழிற்சாலையில் வேலை. தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேஜைக்குத்தான் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நூல் பிசிறு, தையல் விட்ட இடம், கறை என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த ஸ்டிக்கர் தாள் அவள் கைப்பையிலும் எப்போதும் இருக்கும். ஒருமுறை வாத்தியார் ஆசையாகப் பெயிண்ட் அடித்த கதவில், அம்புகளுக்கு நடுவே பெயிண்டைத் தேட வேண்டியிருந்தது.

இப்போது கிட்டாரின் முறை. விளம்பரத்துக்குப் போட்டோ எடுப்பதற்கு முன்னால் குறையெல்லாம் தெரிந்தாக வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். வாத்தியார் வாங்கும்போதே அது பழைய கிட்டார். அவர்கள் இருவரையும்விட அதற்கு வயது அதிகம். மேல்பலகை வெள்ளையாக இருந்து தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒலித்துளைக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய நகம் வருடக்கணக்கில் சுரண்டி ஒரு பள்ளம். அங்கே ஓர் அம்பு. அதற்குக் கீழே பசை போட்டு ஒட்டிய கீறல். அங்கே ஓர் அம்பு. கம்பியை முறுக்குகிற காதுகளில் ஒன்று மட்டும் வேறு ஜாதி, அதுவும் தப்பவில்லை. பின்பக்கம் பெல்ட் பக்கிள் உரசிய கோடுகள் இருந்தன. பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் இருந்த சின்னப் பெட்டியில், பேட்டரி மூடியை டேப் போட்டுப் பிடித்து வைத்திருந்தார்கள். கழுத்து மட்டும் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அதை அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு ஒத்துக்கொண்டாள்.

கடைசி அம்பை அடிப்பக்கம், ஒலிபெருக்கி ஒயர் செருகுகிற சாக்கெட்டில் ஒட்டினாள். வாத்தியார் அவசரமாக அந்த அம்பைக் கையால் மறைத்தார். அதை யார் பார்க்கப் போகிறார்கள், எடுத்துவிடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. தெரியாததைத்தான் நாம முதல்ல சொல்லணும்," என்றாள்.

விளம்பரத்திலும் அப்படியே போட்டாள்: ஒயர் செருகும் இடம் தொளதொளவென்று இருக்கும், வாசிக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் ஒயரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

அந்த ஆள் அவள்தான். கல்யாணமான புதிதில் ஒரு சின்ன நிகழ்ச்சி. வாத்தியாருடைய பாட்டுக் குழு மேடையேறியபோது கிட்டார் கரகரவென்று இருமியது. ஒயர் தொங்கினால் இருமும், தூக்கிப் பிடித்தால் பாடும். கீழே உட்கார்ந்திருந்த அவள் விறுவிறுவென்று மேடையேறி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, குனிந்து, இரண்டு விரலால் ஒயரைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சியானாலும் அந்த ஸ்டூலும் அவளும் உண்டு. குழுவில் எல்லோருக்கும் அவள் ஒயர் அண்ணி. நாமும் அண்ணி என்றே சொல்லிக்கொள்ளலாம்.

வாத்தியாருக்கு மேடையில் கை நடுங்கும். வெளியே யாருக்கும் தெரியாது. பக்கத்தில் அவள் உச்சந்தலை தெரிந்தால் நடுங்காது, அவ்வளவுதான் விஷயம். பல வருஷம் கழித்து, கிட்டாரின் பேட்டரிக் கம்பி மாற்றக் கொடுத்தபோது மெக்கானிக் கேட்காமலேயே சாக்கெட்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதைச் சொல்லத்தான் வாத்தியார் வீட்டுக்கு ஓடி வந்தார். அன்று மாலை நிகழ்ச்சி. அண்ணி தலை வாரி, ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். இனிமேல் நீ வர வேண்டாம் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மென்று முழுங்கினார். அந்த நாளை வரவே இல்லை. போதாக்குறைக்கு, ஒருநாள் அவள் மூக்கைச் சொறிய ஒயரை விட்டபோது, மனிதர் சுண்டுவிரலால் குமிழைத் திருகி, சத்தத்தைத் தானே குறைத்தார். அவள் பதறிப்போய் மறுபடி பிடித்துக்கொண்டாள். அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் காது சுடும்.

போன மழைக்காலத்தில் அண்ணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இனி குனிந்து உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாத்தியார் அடுத்து வந்த நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தார். கிட்டார் கட்டிலுக்கடியில் போனது. பாடுகிற பொருளை இப்படிப் படுக்கப் போட்டுக் கொல்ல வேண்டாம், வாசிக்கிறவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அண்ணிதான் சொன்னாள். தன்னால்தான் அவர் வாசிக்கவில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் வேதனை. சாக்கெட் சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் கிட்டார் தப்பிக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தை, அவள் முதுகு ஒடியக் குனிந்த அத்தனை மாலைகளையும் வீண் என்று ஆக்கிவிடும். வாத்தியார் கிட்டாரைக் கொடுத்துவிடுவதென்று முடிவுசெய்தார்.

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். நாற்பதைத் தாண்டிய அம்மா, கலகலவென்று பேசினார். கிட்டாரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்.

"இவ்வளவு நேர்மையா யாரும் வித்து நான் பார்த்ததில்லைங்க," என்று அம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பையிலிருந்து பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து, ஒலித்துளை வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார். உள்ளே மேல்பலகையைத் தாங்குகிற கட்டைகள் ஆடவில்லை, பழைய மரத்து வாசனை நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்தார். கிட்டார் வாயைத் திறந்துகொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தது.

ஒயரைப் போட்டுக் கேட்கலாமா என்றார். அடடா, ஒயர் எங்கே போனதென்றே தெரியவில்லை, காலையிலிருந்து தேடுகிறோம் என்றார் வாத்தியார். காலையில் அதை வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடியவரே அவர்தான். பரவாயில்லை, காரில் ஒயரும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் இருக்கின்றன என்று டாக்டர் எடுத்து வந்தார். வாத்தியார் திருதிருவென்று விழித்தார்.

டாக்டர் ஒயரைச் செருகியதும் அண்ணி பழக்கதோஷத்தில் குனிந்து பிடித்துவிட்டாள். முதுகு சுளீரென்றது.

"விடுங்கம்மா, முதல்ல அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கறேன். அப்பத்தானே ரிப்பேருக்குச் சொல்ல முடியும்," என்றார் டாக்டர்.

அண்ணி விட்டாள். டாக்டர் வாசித்தார். அறை முழுக்க சத்தம் நிறைந்தது, இரும்பும் மரமும் சேர்ந்த அந்தப் பழைய குரல். ஒயர் தரையில் கிடந்தது. டாக்டர் அதைக் காலால் ஆட்டிப் பார்த்தார், கையால் இழுத்துப் பார்த்தார். ஓர் இருமல்கூட இல்லை. மறுபடி கண்ணாடியை உள்ளே விட்டார்.

"இது கிட்டாரோட வந்த சாக்கெட் இல்லையே. மாத்தியிருக்காங்க. அழகா ஈயம் பத்த வச்சிருக்காங்க. இல்லாத குறைக்கு ஏன் அம்பு ஒட்டினீங்க?"

அண்ணி சாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். சட்டையைத் திருப்பி உள்தையலைப் பார்க்கிற அதே பார்வை.

"எப்போ?"

"சின்னவ பள்ளிக்கூடம் முடிச்சாளே, அந்த வருஷம்," என்றார் வாத்தியார்.

அவர்களுடைய சின்ன மகளுக்கு இப்போது கல்யாணமாகி, குழந்தை நடக்கிறது. அண்ணி வாய்விட்டுக் கணக்குப் போடவில்லை. கை தானாக இடுப்புக்குப் பின்னால் போய் வலிக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவள் கண் கலங்கியது கோபத்திலா வேறு எதிலா என்று வாத்தியாருக்குப் பிடிபடவில்லை.

"நீ பக்கத்துல இல்லன்னா எனக்குக் கை நடுங்கும்," என்றார் கடைசியில். "வேற காரணம் சொல்லி உன்னை மேடையில உக்கார வைக்க எனக்குத் தெரியல."

அண்ணி சாக்கெட்டின் மேலிருந்த அம்பை நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். எழுந்து போய் அதை வாத்தியாருடைய சட்டைப் பையின் மேல், நெஞ்சைப் பார்த்த மாதிரி ஒட்டினாள். நன்றாக அழுத்தி ஒட்டினாள்.

டாக்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அப்போ கிட்டார் என்ன ஆகும் என்று, பதில் தெரிந்தவர் கேட்கிற தோரணையில் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். விவரத்தைத் தப்பாப் போட்டுட்டோம்," என்றாள் அண்ணி. "இது விக்கிறதுக்கில்ல."

டாக்டர் துளியும் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னிடம் வருகிறவர்களும் ஒரு பல்லைக் காட்டுவார்கள், வலி வேறு பல்லில் இருக்கும் என்று சிரித்தார். அடுத்த நிகழ்ச்சிக்குத் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த அண்ணி, ஒவ்வொரு அம்பாக எடுக்கத் தொடங்கினாள். வாத்தியார் கூட உட்கார்ந்து பேட்டரி மூடியிலிருந்ததை எடுத்தார்.

"இனிமே ஸ்டூல் கிடையாது," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "சாஞ்சு உக்கார்ற நாற்காலி போடணும். கைப்பிடி வச்சது."

"ஒயரு?"

"ஒயரு தரையில கிடக்கட்டும். நான் சும்மா உக்காந்திருப்பேன். அதுக்குத்தானே இத்தனை நாளாக் கூப்பிட்டீங்க?"

வாத்தியார் சட்டையிலிருந்த அம்பை எடுக்காமலேயே எழுந்து போய், வாஷிங் மெஷினைத் திறந்து ஒயரை எடுத்துக்கொண்டு வந்தார்.