நடுத்தட்டு

ஆறரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். ஒரு டம்ளர் போதும். ஆனாலும் அரை லிட்டர் பாக்கெட்தான் வாங்குகிறேன். எட்டு மணிக்கு மெடிக்கல் ஷாப்பின் ஷட்டரைத் தூக்கினேன். தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜில் வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது. நோட்டில் எழுதினேன்.

எட்டு மாதம் முன்புவரை அந்த நோட்டில் நந்தினியின் கையெழுத்து. இருவரும் பி.ஃபார்ம், ஒரே வகுப்பு. கல்யாணமாகி மூன்று வருடம் இந்தக் கடையைச் சேர்ந்து நடத்தினோம். தடுப்பூசி மருந்து அவள் பொறுப்பு. ஊசி போட எங்களுக்கு அனுமதியில்லை, டாக்டர்தான் போடுவார். அவர் கைக்குப் போகும்வரை மருந்து கெடக்கூடாது என்பாள். அதற்கென்றே டீ ஃப்ளாஸ்க்குகள் வாங்கினாள். அடியில் ஐஸ், மேலே மடித்த செய்தித்தாள், அதன்மேல் மருந்து. கொடுக்கும்போது ஒன்று சொல்வாள். எல்லோருக்கும் அதையே சொல்வாள். பக்கத்தில் பில் போடும் எனக்குச் சலித்துப்போகும்.

கடையில்தான் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டார். "உங்களைத்தான் கேட்டா" என்றேன். பொய்.

எட்டேகாலுக்கு வளவன் வந்தார். பக்கத்து ஊர் வடக்குத்துக்காரர், நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட்டுக்குப் போகிற வழி. கையில் கல்லாக உறைந்த தண்ணீர் பாட்டில்.

"தலவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க சார்."

அவர் மனைவி செவ்வந்திக்கு ஏழாவது மாதம். சனிக்கிழமை இவர்தான் வந்து, பிறக்கும் குழந்தையைக் காக்கத் தாய்க்குப் போடும் கக்குவான் இருமல் தடுப்பூசி வாங்கிப்போனார். டாக்டர் கிளம்பிவிட்டதால் கிளினிக்கில் திங்கள் காலை, அதாவது இன்று, வரச் சொல்லியிருந்தார்கள். நான் பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்டுக் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை.

"ஊசி போட்டாச்சா?"

"இப்பதான் கெளம்பிக்கினு இருந்தா. மருந்து சூப்பரா இருக்கு சார்." பாட்டிலை உயர்த்திக் காட்டினார். "இது பக்கத்துலயே வெச்சேன். ரெண்டு ராத்திரி. இதே மாதிரி கல்லாயிடுச்சி."

மைன்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஃப்ரீசர் ஐஸ் பாட்டிலுக்குத்தான். எவ்வளவு உறைகிறதோ அவ்வளவு நேரம் தாங்கும். மருந்தையும் அப்படியே நினைத்துவிட்டார்.

"அவங்களுக்கு போன் போடுங்க."

"வூட்டுல ஒரே போனு, எங்கிட்ட இருக்கு. ஏன் சார்?"

"உறைஞ்சுட்டா அந்த மருந்து வேலை செய்யாது."

அவர் முகம் மாறியது. "கெட்டுப்போவக்கூடாதுன்னுதான் சார் அங்க வெச்சேன். மூத்தவன் ரெண்டு மாசத்துல இருமி இருமி நீலமா பூட்டான். கடலூருல பதினோரு நாள் வெச்சிருந்து காப்பாத்தினோம். இதுக்கும் அப்பிடி வரக்கூடாதுன்னு..."

உருகிவிட்டால் பார்க்க வித்தியாசம் தெரியாது. போட்டுவிடுவார்கள். குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

"நீங்க ஷிஃப்ட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

மேல் தட்டிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்தேன். ஐஸ், செய்தித்தாள், புது மருந்து. கடையை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கிளினிக்கில் செவ்வந்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டோக்கன் ஐந்து. உள்ளே நான்கு.

"என்னாண்ணா, நீங்களும் ஊசி போட்டுக்க வந்தீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். பையிலிருந்து குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லாதானே இருக்கு?"

துணைக்கு வந்து பக்கத்தில் இருந்த சாமியம்மாள் விடவில்லை. "இன்னொண்ணு விக்கணும்ல, அதான் வண்டியெடுத்துக்கினு ஓடியாந்துட்டாரு."

"விக்க வரல. மாத்திக் குடுக்க வந்தேன். நீங்களே பாருங்க."

இரண்டு குப்பிகளையும் நன்றாகக் குலுக்கினேன். ஜன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி கலங்கலாக இருந்தன.

"அஞ்சு!" என்றார் நர்ஸ்.

"ஆறை அனுப்புங்கக்கா" என்றார் செவ்வந்தி. கண்ணை எடுக்கவில்லை.

"அடுப்புல பால வெச்ச மாதிரி பாத்துக்கினு இருக்கோம்" என்றார் சாமியம்மாள். ஆனால் அவரும் நகரவில்லை. ஏழாம் டோக்கனும் உள்ளே போனது.

கால் மணி நேரத்தில் ஒரு குப்பியின் மேல்பாதி தண்ணீராகத் தெளிந்தது. அடியில் வெள்ளைத் துகள்கள். புதுக் குப்பி கலங்கலாகவே நின்றது.

"அய்யய்யோ" என்றார் சாமியம்மாள். "இதையா ஒடம்புல ஏத்தப் பாத்த?"

டாக்டரிடம் இரண்டையும் காட்டினேன். தலையசைத்துப் புதியதை வாங்கிக்கொண்டார். செவ்வந்தி பஞ்சைப் புஜத்தில் அழுத்தியபடி வெளியே வந்தார்.

"அக்கா இருந்திருந்தா சனிக்கிழமையே வாயத் தொறந்து சொல்லியிருப்பாங்க."

"ஆமா. என் தப்புதான்."

"இப்ப ஓடியாந்தீங்கல்ல, வுடுங்க." கொஞ்சம் யோசித்தார். "மூத்தவனுக்கு மருந்து வாங்கினப்ப ஏதோ சொன்னாங்க. எனக்குதான் மறந்துபோச்சு. என்னாண்ணா சொல்லுவாங்க?"

சாமியம்மாளும் திரும்பிப் பார்த்தார்.

சொன்னேன். என் வாயிலிருந்து அது வந்தது முதல் தடவை. மாலையில் கடைக்கு வந்த இரண்டு பேருக்கும் சொன்னேன். ஃப்ளாஸ்க்கில்தான் கொடுத்தேன்.

அவள் அம்மாவிடமும் சொல்லிவிட வேண்டும். அன்று யாரோ ஒருவருக்கு மருந்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினாள், விழுந்தாள். அதற்குமுன் நந்தினி கடைசியாகச் சொன்னது இதுதான்:

"ஃப்ரீசர்ல வைக்காதீங்க, கதவுலயும் வேணாம். நடுத்தட்டுல வைங்க."