பேரரசரின் புல்வெளி

பலாங்கொடை பஸ் நிலையத்துக்கு எதிரே சுந்தரலிங்கம் முதலாளியின் இரும்புக் கடை. கடைக்கு மேலே ஒரு மாடி. ஞாயிறு பூசை முடிந்த கையோடு அந்த மாடியில் ஐரோப்பாக் கண்டத்தின் தலைவிதி தீர்மானிக்கப்பட்டு வந்தது. கீழே ஆணி நிறுத்துக் கொடுப்பார்கள். மேலே அரியணைகளைக் கவிழ்ப்பார்கள். நெப்போலியன் போர் விளையாட்டுக் கழகம் என்று பெயர். உறுப்பினர் மூவர், நாற்காலி மூன்று.

படை வந்த வரலாறு சுருக்கமானது. கழகத்தின் இளைய உறுப்பினர் மெல்வின் துபாயில் ஒரு வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டியவர். அந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது சுமக்க மனமின்றி விட்டுப்போன இரண்டு பெட்டிகளை மெல்வின் சுமந்து வந்தார். உள்ளே கட்டைவிரல் உயரத்தில், நிறம் பூசாத பிரெஞ்சுச் சிப்பாய்கள், ஆங்கிலேயச் சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். துரைமார் இறக்கி வைத்ததைத் தூக்கிக்கொண்டு நடப்பது நம்மவர்க்குப் புதிய தொழில் அல்லவே. இரண்டு பலகைகளை இணைத்துப் பச்சைத் துணி விரித்தார்கள். பெட்டிகளில் பொருள் உடையாமல் அடைக்கும் ரெஜிபோமை வெட்டிக் குன்றுகள் செய்தார்கள். பசை தடவித் தேயிலைத் தூசியைத் தூவியதும், நெப்போலியன் கடைசிப் போரில் தோற்ற பெல்ஜியத்து மண்ணின் வண்டிப் பாதை கிடைத்துவிட்டது.

கழகத் தலைவர் இருதயராஜ். மேல் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டு பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு துரைமாரிடம் கைகட்டி நின்றவர். அந்தப் பதினொருவரின் சார்பில் ஆயிரம் பேரைக் கைகட்டி நிற்க வைத்தவர். ஆங்கில விதிப்புத்தகத்தைத் தமிழில் பெயர்த்தவரும் அவரே. ஆகவே பிரெஞ்சுப் படை என்றைக்கும் அவருக்குத்தான். பேரரசர் இருக்கும் பக்கத்தில் அல்லாமல் வேறு பக்கத்தில் நிற்க அவருக்கு வராது.

நான்காவதாக ஒருத்தி இருந்தாள். உறுப்பினர் அல்லள். பெயர் எஸ்தர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. முந்நூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களுக்கும் நிறம் பூசியவள் அவள்தான். ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு புள்ளி மஞ்சள், ஒவ்வொரு சப்பாத்திலும் ஒரு கோடு சேறு என்று இரண்டு ஆண்டு பூசினாள். விதிப்புத்தகத்தை இருதயராஜை விட நன்றாகக் கற்றாள். ஆனால் படை நடத்த உரிமையில்லை, வாக்கில்லை, நாற்காலியில்லை. மேசையோரம் நின்றபடி தாயக்கட்டைகளைப் பொறுக்கிக் கொடுக்கலாம்.

"பாப்பா, ஒன் கைவேல தங்கமான வேல. அத விட்டுட்டு ஒனக்கு எதுக்கும்மா ஓட்டும் நாற்காலியும்?" என்று கேட்பார் இருதயராஜ்.

அவளுடைய தாய் மரியாயி, அவர் கிளாக்கராக இருந்த அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். ஒரு கடிதத்துக்கோ ஒரு கையெழுத்துக்கோ அலுவலகம் போனால், கம்பிவலை அடித்த ஜன்னலுக்கு வெளியே மழையில் நிற்பாள். உள்ளே பெரிய கிளாக்கர் இருப்பார். எஸ்தர் கேட்ட நாற்காலி அந்த வலைக்கு உட்புறத்தில் கிடந்தது. அது இருதயராஜுக்கும் தெரியும். அதனால்தான் இரண்டு ஆண்டாகக் கொடுக்கவில்லை.

மெல்வின்தான் ஒரு வழி சொன்னார். "நான் நடுவரா இருக்கேங்க. இங்கிலீஸ்காரன் படைய எஸ்தர் நடத்தட்டும். எட்டுச் சுத்து முடியிற வரைக்கும் குன்ன விட்டுக் குடுக்காம இருந்தா உறுப்பினர். விட்டுட்டா இனிமே இந்தப் பேச்சே எடுக்க மாட்டா. சரியா எஸ்தர்?"

"சரிண்ணே," என்றாள் எஸ்தர்.

இருதயராஜ் சிரித்தார். மனு எழுதி வந்தவனிடம் நாளை வா என்று சொல்லும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "எழுதிக்க தம்பி. எனக்குச் சம்மதம்."

அடுத்த ஞாயிறு படைகள் அணிவகுத்தன. எஸ்தர் தன் தளபதிப் பொம்மையைக் குன்றின் உச்சியில், காலாட்களுக்கு நடுவே வைத்தாள். காரணம் விதியில் இருந்தது. தளபதிக்குப் பன்னிரண்டு அங்குலத்துக்குள் நிற்கும் படை அந்தச் சுற்றிலேயே கட்டளை பெறும். அப்பால் நிற்கும் படைக்குக் குதிரைத் தூதுவன்தான் கட்டளை கொண்டு போக வேண்டும். அவன் சுற்றுக்குப் பன்னிரண்டு அங்குலமே போவான்.

இருதயராஜ் தம் பையிலிருந்து ஒரு பொருளை இரு கைகளாலும் ஏந்தி எடுத்தார். தீக்குச்சியால் சுவர், சிவப்புக் கூரை, கொடிக்கம்பம், முன்னால் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கம்பளத்தில் புல்வெளி. பங்களா. மேசையின் கோடியில், இருப்பதில் உயரமான மேட்டில் அதை இருத்தி, அதன் விறாந்தையில் பேரரசரை எழுந்தருளச் செய்தார். சிறந்த வீரர்களான காவற்படையைப் பங்களாவின் சுவரோரம் நிறுத்தினார்.

பிரெஞ்சுக் குதிரைப்படைக்குப் பொறுப்பான சுந்தரலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கிளாக்கரய்யா, பெல்ஜியத்துல நம்ம தொர பங்களா எப்பிடிங்க வந்துச்சு?"

"பெரியவங்க போற எடத்துல பங்களா இருக்கும் மொதலாளி. கூடாரத்துல படுக்கிற ஆளா அவரு?"

கடையிலிருந்து கொண்டுவந்த அளவுநாடாவைச் சுந்தரலிங்கம் இழுத்தார். "காவற்படை நிக்கிற எடத்துலருந்து குன்னு உச்சிக்கு முப்பத்தி நாலு அங்குலம். இவரு இங்கருந்து கத்துனா அங்க யாருக்குங்க கேக்கும்?"

"தொர கொழுந்து மலையில ஆளுங்களோட வந்து நின்னா மரியாத என்னாகிறது? மேல இருந்து பாக்கணும். பாக்கிறாருன்னு தெரிஞ்சாலே கீழ இருக்கிறவன் வேல செய்வான்."

பிறகு முத்து முத்தான எழுத்தில் கட்டளை எழுதினார். அதிகாலைப் பிரட்டுக் களத்தில் ஆட்களை வரிசைப்படுத்தி ஏவும் அதே நடை: 'காவற்படை தவிர எல்லாரும் ஓடை வரை போய் நிற்கவும். மேற்கொண்டு துரை சொல்லுவார்.'

இரண்டு சுற்றில் பிரெஞ்சுப் படை ஓடைக்கரையை அடைந்தது, நின்றது. மூன்றாம் சுற்றில் எஸ்தர் சுட்டாள். அசையாமல் நிற்பவனைச் சுடுவதற்குப் பெரிய திறமை தேவையில்லை. முன்வரிசை சரிந்தது.

"ஐயா, என் குதிரையவாவது விடுங்க. ஓடையத் தாண்டி ஏறிர்றேன்," என்றார் சுந்தரலிங்கம்.

"சொல்லாம நகரக் கூடாது மொதலாளி."

"அப்ப சொல்லுங்க."

"ஆள் அனுப்பியிருக்கேன்."

தூதுவன் இரண்டு சுற்று சவாரி செய்தான். அதற்குள் கீழே யாரோ வாடிக்கையாளர் குரல் கொடுக்க, சுந்தரலிங்கம் மாடிப்படியில் தலையை நீட்டி, "பொட்டக் இன்ன மாத்தயா, பொறுங்க, மேல கொஞ்சம் சண்டை," என்று சொல்லிவிட்டு வந்தார். தூதுவன் கொண்டுபோன கட்டளை, குன்றின் வலது சரிவில் உள்ள பீரங்கிகளைத் தாக்கு என்றது. பீரங்கிகளை எஸ்தர் அதற்குள் இடது சரிவுக்கு நகர்த்தியிருந்தாள். ஐந்தாம் சுற்றில் பிரெஞ்சுப் படை சிறிதும் முகம் கோணாமல் வெறுஞ்சரிவின் மேல் பாய்ந்தது. இடப்பக்கத்திலிருந்து பீரங்கிகள் அதை வாரின.

"காலியான எடத்தப் புடிச்சிட்டோமுங்க," என்றார் சுந்தரலிங்கம்.

ஆனாலும் எஸ்தருடைய படையும் பாதி விழுந்திருந்தது. உச்சியில் ஒரே ஒரு அணி. கொடி பிடித்தவனோடு ஒன்பது பேர். காவற்படை வந்து தொட்டால் நிற்க மாட்டார்கள் என்பது மேசையைச் சுற்றியிருந்த நால்வருக்கும் தெரிந்தது. இருதயராஜ் கைகளைத் தேய்த்துக்கொண்டார். இன்னும் மூன்று சுற்று. சுற்றுக்குப் பன்னிரண்டு, முப்பத்தாறு அங்குலம் போகலாம். வேண்டியது முப்பத்து நான்கு. அவர் கணக்குப் பிள்ளைகளையே கணக்குக் கேட்டவர். எஸ்தர் விரல்களை இறுக மடக்கிக்கொண்டு நின்றாள்.

காவற்படை புறப்பட்டது. இருதயராஜ் அவர்களை வரிசை குலையாமல் பக்கவாட்டில் திருப்பி, புல்வெளியின் ஓரமாக, அதன் முனை வரை கொண்டுபோய், மறுபடி திருப்பி, பாதையில் இறக்கினார்.

மெல்வின் குனிந்து பார்த்தார். "ஏங்க ஐயா சுத்திப் போறீங்க? நேரா போலாமே. அங்க ஒரு பள்ளம் கூட இல்லியே."

"நேரா புல்லு இருக்குல்ல தம்பி."

"அது கம்பளத் துண்டுங்க."

"பங்களாப் புல்லுல படைய நடக்க விடச் சொல்றியா?" இருதயராஜ் உண்மையாகவே அதிர்ந்து போயிருந்தார்.

மாஸ்கோவரை நடந்த காவற்படை. மன்னர்களின் மாளிகைகளுக்குள் குதிரையோடு புகுந்த படை. பலாங்கொடையில் ஒரு சாண் கம்பளத்தை மிதிக்க அஞ்சி ஒதுங்கிப் போயிற்று. துரையை அனுப்பிவிட்டோம், கொடியை இறக்கிவிட்டோம், இனி எவனுக்கும் அடிமையில்லை என்று மேடைதோறும் தொண்டை கிழிய முழங்கியவர்கள் நாம். துரை போய்விட்டான், உண்மை. புல்வெளியை மட்டும் நம் தலைக்குள் விரித்துவிட்டுப் போனான். அதற்கு நாமே தண்ணீர் ஊற்றுகிறோம். நாமே வேலி போடுகிறோம். எவன் காலாவது பட்டுவிடுமோ என்று ஞாயிற்றுக்கிழமையும் காவல் இருக்கிறோம்.

எஸ்தருக்கு அந்த ஓரப்பாதை தெரியும். தோட்டத்துத் துரை பங்களாவுக்கு விறகு கொண்டுபோன நாட்களில் தாயின் பின்னால் அவள் நடந்த பாதை அதுதான். அது எவ்வளவு நீளம் என்பதும் தெரியும்.

எட்டாம் சுற்று முடிந்தது. சுந்தரலிங்கம் அளவுநாடாவை வைத்தார். ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுமுறை பார்த்தார்.

"ரெண்டு அங்குலம் கொறையுதுங்க."

"நல்லா இழுத்துப் பிடிங்க மொதலாளி."

"இரும்பு நாடாங்க. இழுத்தா நீளாது." பிறகு நாடாவைப் புல்வெளியைச் சுற்றி வளைத்து அளந்தார். "சுத்தி வந்ததுல நாலு போயிருச்சு. மிதிச்சிருந்தீங்கன்னா ஜெயிச்சிருப்பீங்க."

இருதயராஜ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அவரே பெயர்த்த புத்தகம் அவருக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. "உறுப்பினர் சேர்க்கை எல்லாம் வருசப் பொதுக்கூட்டத்துலதான..." என்று தொடங்கினார்.

"மூணு பேரும் இங்கதான் இருக்கோம். கூட்டம் கூடியாச்சுங்க," என்றார் மெல்வின்.

பதிவுப் புத்தகம் விரிந்தது. முப்பத்தெட்டு ஆண்டு தமக்குப் பிடிக்காதவற்றையும் அழகாக எழுதிப் பழகிய கை. 'எஸ்தர்' என்றும், அதன் எதிரே 'உறுப்பினர்' என்றும் முத்தாக எழுதியது. சுந்தரலிங்கம் கீழே போய், கடையிலிருந்து பொலித்தீன் உறை பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். எஸ்தர் உட்கார்ந்தாள். உறை சரசரத்தது.

"நான் ஒரு பிரேரண கொண்டு வரலாங்களா?"

"ஒக்காந்து ஒரு நிமிசம் ஆகல," என்றார் இருதயராஜ்.

"பங்களாவ எடுக்கச் சொல்லலீங்கய்யா. இருந்துட்டுப் போகட்டும். புல்லுல எந்தப் படையும் நடக்கலாம்னு விதியில ஒரு வரி சேருங்க."

அவள் கை உயர்ந்தது. மெல்வின் கை உயர்ந்தது. சுந்தரலிங்கம் இருதயராஜின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். இருதயராஜ் அந்த வரியையும் எழுதினார்.

எஸ்தர் ஓடைக்கரையில் விழுந்து கிடந்த ஒரு பிரெஞ்சுக் காலாளை எடுத்தாள். பட்டமில்லாத, பதக்கமில்லாத சாதாரணச் சிப்பாய். அவனைப் பேரரசரின் புல்வெளிக்கு நட்டநடுவே நிறுத்தினாள்.

இருதயராஜின் கை தானாகவே நீண்டது, அவனைத் தூக்கி அப்புறப்படுத்த. சிப்பாய்க்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றது. இப்போது எழுதிய வரியின் மை இன்னும் காயவில்லை. கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், குனிந்து அந்தச் சிறிய கால்களைப் பார்த்தார்.

"சப்பாத்தோடயா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்கய்யா," என்றாள் எஸ்தர். "சேத்தோட. நான் பூசுனதுதான்."