மடக்கைக் கணக்கு

நான் வரலாற்று ஆசிரியன். பட்டம் வரலாறு, நியமனக் கடிதத்தில் வரலாறு. ஆனால் நெடுந்தீவில் நான் இரண்டு வருடமாகப் படிப்பித்தது பதினோராம் தரத்துக் கணிதம். கணித ஆசிரியர் ஜெயரூபன் இடமாற்றம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. அதிபர் மேரி ஜோசபீன் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

"ஆண்டு, நூற்றாண்டு எண்டு நீர் எந்தநாளும் இலக்கத்தோடைதானே மினக்கெடுறீர், சுபாஸ்கரன். இதையும் ஒருக்கால் பாரும்," என்றார்.

பார்த்தேன். பாட நேரசூசியில் மட்டும் ஜெயரூபனின் பெயரை யாரும் மாற்றவில்லை. மேலிடத்துக்குப் போகும் படிவங்களில் அந்த மனிதர் இன்னமும் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் காலையில் ஆறு மணிக்குப் புத்தகத்தில் பார்த்ததை எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் ஒன்பது பேர். அவர்களில் கணிதத்தை விரும்பிச் செய்கிறவள் நிலக்சனா ஒருத்திதான். தகப்பன் எமிலியானுஸ் கடற்றொழில் செய்கிறவர். கணிதத்தில் 'ஏ' எடுத்தால் விடுதியும் தந்து உயர்தரக் கணிதப் பிரிவில் சேர்ப்பதாக யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்று சொல்லியிருந்தது. எங்கள் பள்ளியில் அந்தப் பிரிவே கிடையாது. 'ஏ'க்கு எழுபத்தைந்து புள்ளி வேண்டும். அவள் எழுபத்து மூன்றுக்கும் எழுபத்தெட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

சாதாரணதரப் பொதுப் பரீட்சை மே மாதத்தில் வந்தது. கடலைக் குழப்பும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கணிதம் இரண்டாம் பத்திரத்தன்று குறிகட்டுவான் துறையிலிருந்து படகு வெளிக்கிடவில்லை. மண்டபத்தில் நோக்குநராக நிற்க வேண்டியவர் அக்கரையிலேயே நின்றுவிட்டார். மண்டபத்துக்குப் பொறுப்பான பஸ்ரியாம்பிள்ளை, தீவில் நின்ற ஆசிரியர்களின் பட்டியலை எடுத்தார். அந்தந்தப் பாடம் படிப்பிக்கிறவரை மண்டபத்துக்குள் விடக்கூடாது என்பது விதி.

"நீர் வரலாறுதானே?"

"ஓம் சேர்," என்றேன். கடிதாசியின்படி அது உண்மை.

பிள்ளைகள் எழுதத் தொடங்கி ஒரு மணித்தியாலம் இருக்கும். மேசைகளுக்கு நடுவே நடந்தபோது, வேறு பள்ளியிலிருந்து வந்த தாரிகா என்ற பிள்ளையின் தாளில் என் கண் விழுந்தது. 28.4ஐ 0.0375ஆல் பெருக்க வேண்டும், மடக்கை அட்டவணையைப் பார்த்து. அவள் 1.065 என்று விடை எழுதியிருந்தாள். பாவம், பிழைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். என் முறைப்படி அது 0.132 வரவேண்டும்.

நாலு அடி நடந்த பிறகுதான் மனம் தானாகக் கணக்குப் பார்த்தது. இருபத்தெட்டை நாலால் பெருக்கினால் நூற்றுப் பன்னிரண்டு. நூறால் பிரித்தால் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. 0.132 எப்படி வரும்?

பூச்சியத்தில் தொடங்கும் தசமங்களுக்கு மடக்கை எழுதும்போது முதல் இலக்கத்தின் தலையில் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடு அந்த ஒரு இலக்கத்தை மட்டும்தான் மறையாக்கும். புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் நேர். நானோ முழுவதையும் மறை என்று எடுத்துக்கொண்டு ஒன்பது பிள்ளைகளுக்கும் கழிக்கப் பழக்கியிருந்தேன். புத்தகத்தின் பின்பக்கத்து விடைகள் பொருந்தாதபோது "அச்சுப்பிழை" என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் புத்தகத்திலேயே வெட்டித் திருத்தவும் வைத்தேன். ஒரு தரம் யாரிடமாவது கேட்டிருக்கலாம். வெட்கத்தில் கேட்கவில்லை.

யாரிடம் போய் என்ன சொல்வது? பிள்ளைகளிடம் வாய் திறந்தால் அது குற்றம். பஸ்ரியாம்பிள்ளையிடம் உண்மையைச் சொன்னால், கணிதம் படிப்பித்தவன் மண்டபத்துக்குள் நின்றான் என்று விசாரணை வரும், தீவுப் பிள்ளைகள் அத்தனை பேரின் விடைத்தாள்களையும் நிறுத்திவைப்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு நடப்பதைவிட எனக்கு வேறொன்றும் ஏலவில்லை.

ஜன்னலோரம் நிலக்சனாவின் மேசை. பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மெல்லப் போய்ப் பார்த்தேன்.

1.065.

கடவுளே, எப்படிச் செய்தாள்? சரியாகத்தான் எழுதியிருந்தாள், ஒவ்வொரு வரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் அந்த இடத்தைவிட்டு நகர மறந்து, அவளுடைய தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதுதான் நான் செய்த பிழை. வகுப்பில் நான் ஒரு பிள்ளையின் மேசையடியில் நிற்பது கணக்கு எங்கேயாவது பிழைத்திருந்தால் மட்டும்தான். சரி என்றால் நிற்காமல் போய்விடுவேன். நிலக்சனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு தன் விடையைப் பார்த்தாள். முகம் மாறியது. கோடு போட அடிமட்டத்தை எடுத்தாள்.

வேண்டாம் பிள்ளை என்று தொண்டை வரை வந்தது.

"தம்பி, அதிலை நிக்காதையும். நடந்துகொண்டிரும்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை, முன்னால் இருந்து.

நடந்தேன். அடுத்த சுற்றில் வந்தபோது ஆறு வரிகளுக்கும் குறுக்கே நேர்கோடுகள் விழுந்திருந்தன. கீழே அழகான எழுத்தில் என்னுடைய முறை இருந்தது. மணி அடிக்க இன்னும் ஒன்றரை மணித்தியாலம் கிடந்தது. அவ்வளவு நேரமும் நான் அந்த மேசையைக் கடந்து கடந்து நடந்தேன்.

முடிந்து வெளியே வந்தபோது அவள் வாசலில் காத்துக்கொண்டு நின்றாள்.

"சேர், நல்லகாலம் நீங்கள் வந்தனீங்கள். கையாலை பெருக்கிப் பாக்க ஒண்டுக்குக் கிட்ட வந்தது. அதுக்கேத்த மாதிரி நானா யோசிச்சு ஒரு விதமாச் செய்துபோட்டன். நீங்கள் நிண்டதைக் கண்ட பிறகுதான் பிழையெண்டு விளங்கினது. வெட்டிப்போட்டு நீங்கள் காட்டித்தந்த மாதிரியே செய்தனான்."

காற்றில் அவளுடைய வினாத்தாள் படபடத்தது.

"அப்ப 'ஏ' வரும்தானே, சேர்?"

"வரும் பிள்ளை," என்றேன்.