ஊர்ப்போர்வையில் ஒரு நீலத்துண்டு

பெரியாற்று அணை வேலைக்கு ஆட்கள் கூட்டம் கூட்டமாக மலையேறிக்கொண்டிருந்த காலம் அது. தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு, உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி ஒன்று வைத்தார்கள். பழைய வேல், செப்புக்காசு, மலையில் உடைத்த பாறைத்துண்டு, ஏலக்காய்க் கொத்து, புலித்தோல் எல்லாம் பெஞ்சுகளில் பரப்பிக் கிடந்தன. நடுக்கூடத்தில் கயிறு கட்டி ஊர்ப்போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பழந்துணி வாங்கிச் சதுரமாக வெட்டி, அந்தந்த ஊர்ப் பெண்கள் தைத்துக் கொடுத்ததை எல்லாம் ஒன்றாக இணைத்த போர்வை அது.

சுருளிப்பட்டி இன்னாசியம்மாள் தன் ஊர்க்காரிகள் தைத்த பகுதியைப் பார்க்கத்தான் வந்தாள். பார்த்துச் சிரித்தாள். அப்படியே கண் பக்கத்து ஊர்ப் பகுதிக்குப் போனது. அங்கே கட்டம்போட்ட நீலத்துண்டு ஒன்று. அதன் குறுக்கே ஒரு கிழிசல் சிவப்பு நூலால் இழுத்துத் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோய், தன் சேலை ஓரத்திலிருந்து உருவிய நூலால் அவளே போட்ட தையல். தம்பி சின்னப்பராஜ் மலைக்குப் போனபோது போர்த்திக்கொண்டு போன துப்பட்டி.

அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வேலைக்கு ஆள் பிடித்துக் கூட்டிப்போன கங்காணி முத்துவீரன், "மலையாளத்துப் பக்கம் ஓடிட்டான்த்தா, நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டான். அவள் அதை நம்பியிருந்தாள்.

போர்வைக்குப் பொறுப்பாக நின்ற வாத்தியாரம்மா கிருபாவதியிடம், "இது யார் வீட்டுத் துணிங்கம்மா?" என்று கேட்டாள்.

"அதா? கங்காணி சம்சாரம் சங்கிலியம்மா குடுத்தாக. பரண்ல சுருட்டிக் கெடந்துச்சாம்."

தம்பி ஓடிப்போனான் என்றால், மலைக்குளிரில் இதை விட்டுவிட்டா ஓடுவான்? அதைவிடப் பெரிய பயம் பின்னாலேயே வந்தது. அவள் புருஷன் பங்கிராஸ் வருகிற திங்கட்கிழமை அதே கங்காணியோடு மலையேறப் பேர் கொடுத்திருந்தான்.

ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று திரும்பினாள். வாசலில் முத்துவீரன் நின்றிருந்தான். கையில் பூண் போட்ட கம்பு. யாரிடமோ சிரித்துப் பேசியபடி உள்ளே வந்தவன் போர்வையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

நேராக வந்து அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றான். "என்னத்தா, அதையே பாத்துக்கிட்டு நிக்கிற?"

சும்மா என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் கை தன்னால் போய் நீலத்துண்டைப் பிடித்துக்கொண்டது.

"வெளிய வா, பேசணும்," என்றான் தாழ்ந்த குரலில்.

வெளியே புளியமரங்களும் ஆற்றங்கரைப் பாதையும்தான். "நான் வரல. இங்கனயே சொல்லுங்க. எந்தம்பி எங்க?"

"ஏத்தா, மெதுவாப் பேசு."

"எங்க?" என்று கத்திவிட்டாள். புலித்தோலைச் சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள்.

அடிக்கப்போகிறான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கங்காணியின் முகம் வெளுத்திருந்தது. கம்பை இரண்டு கையாலும் தரையில் ஊன்றிக்கொண்டான்.

"காய்ச்சலு. கீழ எறங்கி வரயில கணவாய்ல நடக்க மாட்டாம விழுந்துட்டான். எனக்கும் குளிரு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. யானை வேற கத்துது. அவன் துப்பட்டிய உருவிப் போத்திக்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப உசுரு இருந்துச்சா?"

அவள் மறுபடி கேட்டாள்.

"எம் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே கெடந்தான்," என்றான் முத்துவீரன். "திரும்பிப் பாத்தா போக முடியாதுன்னு பாக்காம வந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் யாரும் கூப்புட்டாத் திரும்ப பயமா இருக்குத்தா."

கிருபாவதிதான் வந்து இன்னாசியம்மாளைத் தாங்கிப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

திங்கட்கிழமை பங்கிராஸ் மலையேறினான், வேலைக்கு அல்ல. கூட இன்னாசியம்மாளும் ஊரில் நாலைந்து ஆண்களும் போனார்கள். வழிகாட்ட முத்துவீரனை முன்னால் நடக்கவிட்டார்கள். அவன் தப்பிக்கப் பார்க்கவில்லை. கணவாயின் ஒரு திருப்பத்தில் நின்று, சாய்ந்த பாறை ஒன்றைக் கை நீட்டிக் காட்டினான். "அங்கன," என்றான். அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

பாறையடியில் ஆளுயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. ஆண்கள் அரிவாளால் ஒதுக்கி ஒதுக்கித் தேடினார்கள். ஏதாவது அகப்பட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம். எதுவுமே அகப்படாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயம். இரண்டு மழைக்காலம் கடந்த இடம். பழைய யானைச் சாணமும் மூங்கில் இலையும் தவிர ஒன்றும் இல்லை.

பங்கிராஸ் மூங்கிலைப் பிளந்து சிலுவை கட்டி நட்டான். அவள் முழங்காலிட்டுச் செபத்தைத் தொடங்கினாள். பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. எழுந்து காட்டைப் பார்த்து, "சின்னப்பா!" என்று கூப்பிட்டாள். குரல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஆனாலும் அசையாமல் நின்று கேட்டாள்.

"போதும், வா," என்று பங்கிராஸ் அவள் தோளைப் பிடித்தான்.

"இருங்க," என்றாள். "நாமளும் விட்டுட்டுப் போனதா அவன் நெனைக்கக் கூடாது."

வெயில் மலைக்குப் பின்னால் சாயும்வரை யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.