பொதுமக்கள் பத்துப் பேர்

காவல் நிலையத்தை மேற்பார்வையிடும் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். பொதுமக்கள் பத்துப் பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி. தையற்காரி உள்ளே நுழைந்தபோது ஒன்பது பேர் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுடைய ஸ்கூட்டர் நான்கு மாதமாக இங்கே கிடக்கிறது. ஏதோ விசாரணை என்று பிடித்தார்கள், ரசீதுகூட இல்லை. துணி மூட்டையைச் சுமந்து நடந்து நடந்து கால் தேய்ந்துவிட்டது. எத்தனையோ முறை கேட்க வந்தாள். அந்தக் காக்கியைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையத்துக்காரர்களின் காக்கியைத் தைத்ததே அவள்தான். தன் கையால் பொத்தான் வைத்த சட்டைக்கு எதற்கு இந்த நடுக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பிப் போவாள்.

"யாருக்காவது குறை உண்டா?" என்றார் குழுத் தலைவி.

"இல்லை, ஐயா!" ஒன்பது பேரும் ஒரே குரலில்.

தலைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "ஐயா இல்லை, அம்மா."

தையற்காரி அப்போதுதான் அந்த முதுகுகளைப் பார்த்தாள். இடது தோள் இறங்கிய ஒன்று. இரண்டு தடவை பிரித்துத் தைத்த இடுப்பு ஒன்று. முகம் மறந்தாலும் அவளுக்கு அளவு மறக்காது. அட, இந்த நிலையத்துப் போலீஸ்காரர்களா! பூப்போட்ட சட்டையும் கட்டம்போட்ட சட்டையுமாக, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி! சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நடுக்கத்தைத் தேடிப் பார்த்தாள், காணவில்லை.

எழுந்தாள். "என் ஸ்கூட்டர் வேணும்மா."

"சாவி தொலைஞ்சுபோச்சு, தேடிக்கிட்டிருக்கோம்" என்றார் இன்ஸ்பெக்டர் அவசரமாக.

"எதுக்கு சார் சிரமம்? பூப்போட்ட சட்டை அண்ணன் விரல்ல சுத்திக்கிட்டிருக்காரு. என் நூல்கண்டுகூட அதுல தொங்குது."

பூச்சட்டை துள்ளி எழுந்து விறைத்தார். "டீ வாங்கத்தான் எடுத்தேன், சார்!" கை தானாக சல்யூட் அடித்தது. மற்ற எட்டுப் பேரும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார்.

"பொதுமக்களுக்கு நல்ல பயிற்சி" என்றார் தலைவி. "எழுதிக்கோங்க, வந்தவர் ஒருத்தர். கூட்டம் செல்லாது. அடுத்த வாரம் மறுபடி. இவங்களை அனுப்பினது யாருன்னு அன்னைக்கு விசாரிப்போம். ஸ்கூட்டர் இப்பவே வெளியே வரணும்."

வண்டியில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. வாசல்வரை பூச்சட்டைதான் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி," என்றார் மெல்ல, "எட்டு மாசமா எனக்கு லீவு தரலை. அடுத்த வாரம் அதையும் நீயே சொல்லிடேன்."

"நீங்களே சொல்லுங்கண்ணே," என்றாள். "இதே சட்டையில வாங்க. பேச்சு தானா வரும்."