ஷார்ஜாவில் ஓர் ஆறு

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், மெஹ்ருன்னிசாவின் பகலில் வீட்டுக்குரிய பங்கு தீர்ந்துவிடும். மிச்சமெல்லாம் நூலுக்கு.

குளச்சலில் கடலிலிருந்து நாலு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டில் அவள் எப்போதும் மூன்று குரோஷாப் பின்னல் வேலைகளை ஒன்றாக நடத்திக்கொண்டிருந்தாள். அடுக்களைச் சன்னலோரத்துக் கூடையில் சாப்பாட்டு மேசைக்கான வெள்ளை விரிப்பு. முன்னறையில் நடுவில் பூ வைத்த குஷன் உறைகள். மாடியறையில் சாம்பல் நிறக் கட்டில் விரிப்பு. அது வளர்ந்து வளர்ந்து இப்போது பின்னும்போதே அவள் மடியையும் கால்களையும் மூடிக்கொண்டு கிடந்தது. "ஒண்ண முடிச்சிட்டு அடுத்தத எடுக்கப்பிடாதா உம்மா?" என்று மகள் ஜுஹைனா கேட்பாள். கோட்டாற்றில் கட்டிக்கொடுத்த பெண். வெள்ளிக்கிழமை தோறும் வந்துபோவாள். "எல்லாம் முடியும் மக்கா. அதது அதுக்க பாட்டுக்கு முடியும்" என்று சொல்லி மெஹ்ருன்னிசா பேச்சை விட்டுவிடுவாள்.

அவளுக்கு முடிப்பதில் அவசரம் கிடையாது. கொக்கி ஊசி நூலை இழுத்து வளையத்துக்குள் விட்டு, மறுபடி இழுத்து, மறுபடி விட, கொஞ்ச நேரத்தில் விரல்கள் அவளைக் கேட்காமலே ஓட ஆரம்பித்துவிடும். கண் திறந்திருக்கும். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தென்னை ஆடுவது தெரியும். ஆனால் அவள் அங்கே இருக்கமாட்டாள். ஷார்ஜாவில் நடந்துகொண்டிருப்பாள்.

ஷார்ஜாவை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் புருஷன் அப்துல் ரசாக் விமானம் ஏறியதிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே வாழ்க்கை போயிருந்தது. அங்கே ஒரு திரைச்சீலைக் கடையில் அவருக்குத் துணி வெட்டும் வேலை. "நிக்கிற எடத்துலேருந்து என்ன தெரியுது?" என்று போனில் கேட்பாள். "என்ன தெரியும்? ரோடு தெரியுது" என்பார் அவர். அந்த ரோட்டை வைத்துக்கொண்டு மீதி ஊரை அவளே கட்டினாள். வரிசை வரிசையாக வீடுகள், எல்லாச் சன்னல்களிலும் அவர் வெட்டிய திரைகள், சாயங்காலக் காற்றில் எல்லாம் ஒன்றாக மூச்சை உள்ளிழுத்து ஒன்றாக வெளிவிடும். பின்னலில் ஒரு வரிசை கூடும்போது அந்த ஊரில் ஒரு தெரு கூடும்.

இந்த வருஷம், வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் கடையின் முதலாளி கடையை மூடிவிட்டார். அப்துல் ரசாக் இரண்டு பெட்டிகளோடும், பசைநாடா சுற்றிய ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடும் வந்து இறங்கினார். இனித் திரும்பிப் போவதற்கில்லை.

முதல் வாரம் விருந்து மாதிரிப் போயிற்று. அதற்கப்புறம்தான் இருவருக்கும் சங்கடமாக இருந்தது. விடுமுறைக்கு வருகிற மனிதரை எப்படி நடத்துவது என்று அவளுக்குத் தெரியும். போகவே போகாத மனிதரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியவில்லை. அவரும் விருந்தாளி மாதிரியே இருந்தார். "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் எடுத்துக்கிடட்டா?" என்று சொந்த வீட்டில் கேட்டார். மதியத்தில் அவள் நூலை எடுத்தால் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து அவள் விரல்களைப் பார்ப்பார். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஷார்ஜா வராது. அவர் அங்கே இருந்தவரை அந்த ஊர் அவளுக்குள் பத்திரமாக இருந்தது. அவர் வீட்டுக்கு வந்ததும் அது எங்கேயோ ஒதுங்கிப்போயிற்று. இப்படி நினைப்பது பாவம் என்று பட்டது. கொக்கி ஊசியை நூலில் குத்திவைத்துவிட்டு எழுந்து சாயா போடப் போவாள்.

மழை விடாமல் பெய்த ஒரு மதியம் அவர் அந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே முழுக்கத் துணிகள். கடையில் வருகிறவர்களுக்குக் காட்டும் சாம்பிள் துண்டுகள்; உள்ளங்கையளவு, முழங்கையளவு, சில ஒரு வாசலை மறைக்கிற அளவு. பட்டு, வெல்வெட், சணல் நெசவு, தங்க ஜரிகை ஓடியது. கடையை மூடும்போது குப்பைக்குப் போக இருந்ததை அள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"இத வச்சு என்ன செய்யப் போறிய?" என்று கேட்டாள்.

"ஒரு குயில்ட் தைக்கலாம்னு பாக்கேன். அங்க ஒரு பிலிப்பைன்ஸ்காரி எங்க கடையில மிஞ்சின துண்டெல்லாம் வாங்கிட்டுப் போயி தைப்பா. ஒட்டுப்போட்டு, நடுவுல பஞ்சு வச்சு. கொள்ளாம் கேட்டியா, பாக்க நல்லா இருக்கும்."

முன்னறைத் தரையில் துணிகளைப் பரப்பினார். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து, எட்டி நின்று பார்த்து, தலையை ஆட்டி, மாற்றி வைத்தார். பிறகு கத்தரியை எடுத்தார்.

மெஹ்ருன்னிசா வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். பட்டணத்து எஞ்சினியர் மாதிரி அளந்து கோடு போடவில்லை அவர். இடதுகைப் பெருவிரலால் துணியை நீவிவிட்டார். கத்தரியின் வாயை லேசாகத் திறந்து ஒரு தள்ளுத் தள்ளினார். துணி தானாக வழிவிடுவதுபோல் இரண்டாயிற்று. அவருடைய தோள் தாழ்ந்தது, உதடு இறுகியது, முகத்திலிருந்த விருந்தாளி போய்விட்டார். அந்த மனிதரை அவள் பார்த்ததே இல்லை. பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, தலை நரைத்து இருக்கிறாள். தன் புருஷன் வேலை செய்வதை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

"என்ன நிக்கே? அந்த முனையப் பிடி" என்றார் அவர், நிமிராமலே.

பிடித்தாள்.

அன்றிலிருந்து மதியங்கள் வேறு மாதிரியாயின. பழைய தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு அவர் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பார். பக்கத்தில் அவள் மேசை விரிப்போடு உட்காருவாள். மழை ஓட்டில் விழும் சத்தம், மிஷின் மிதிபடும் சத்தம், இரண்டுக்கும் அடியில் இடவப்பாதிக் கடலின் முழக்கம். வெள்ளை விரிப்பு ஓரம் வரை வந்து முடிந்தது. குஷன் உறைகளில் நான்கு ஆயின. அவருடைய துண்டுகள் ஒரு கட்டில் அகலத்துக்கு வளர்ந்தன.

ஒவ்வொரு துண்டுக்கும் அவரிடம் ஒரு சன்னல் இருந்தது. "இந்தப் பச்சை, கடலப் பாத்த ஒரு பெரிய பிளாட்டுக்கு. அந்த வீட்டம்மா வெளிச்சமே ஆகாதும்பா. இந்த மஞ்சள் ஒரு சூடானிக்கு, சூடான் நாட்டுக்காரன். பொண்டாட்டிய ஊர்லேருந்து கூட்டிட்டு வாறதுக்கு முந்தின நாளு வந்து, இன்னைக்கே மாட்டித் தரணும்னு ஒரே நிப்பு." அவர் சொல்லச் சொல்ல, ஒதுங்கிப்போயிருந்த ஊர் மெல்லத் திரும்பி வந்தது. பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மஞ்சள் திரைக்குப் பின்னால் ஒருவன் தரையைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தான். மெஹ்ருன்னிசா அந்தத் தெருவழியே நடந்து, வழக்கம்போல ஆற்றங்கரைக்கு வந்தாள்.

"அந்தச் சூடானிக்க வீட்டுலேருந்து ஆறு தெரியுமா?" என்று தன்னை மறந்து கேட்டுவிட்டாள்.

மிஷின் நின்றது. "எந்த ஆறு?"

"ஷார்ஜாவுல உள்ள ஆறு."

"ஷார்ஜாவுல ஏதுட்டி ஆறு?"

அவளுக்கு முகம் சிவந்தது. அவள் பிறந்தது தேங்காப்பட்டணத்தில். ஆறு வந்து கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் பக்கத்து வீடு. ஒரு ஊரைக் கட்டும்போது அதில் ஆறு வைக்காமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: தெருக்கள், ஒன்றாக மூச்சுவிடும் திரைகள், ஆற்றில் இறங்கும் படிகள், சாயங்காலம் வேலை முடிந்து அவர் அந்தப் படியில் உட்கார்ந்து கால் நனைப்பது. சொல்லி முடித்ததும் சிரிப்பார் என்று காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த போர்வையை வெகுநேரம் பார்த்தார்.

"எந்தப் பக்கமா ஓடுது?" என்றார்.

அவள் குனிந்து, மேல் மூலையிலிருந்து கீழ் ஓரம் வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

அதன்பிறகு கட்டில் விரிப்பு மாடியிலேயே கிடந்தது. அவள் நீல நூல் வாங்கிவந்து ஆற்றைப் பின்னினாள். இறுக்கமாகப் பின்னினால் ஆழம், தளர்வாகப் பின்னினால் மணல் தெரியும் நீர். அவர் வெல்வெட்டில் வீடுகளும் ஜரிகைத் துணியில் விளக்குகளும் வைத்தார். ஆற்றைப் போர்வையின் மேல் வளைத்துப் போட்டுத் தைத்த நாளில் இருவரும் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள்.

ஆவணி பிறந்து வெயில் அடித்த ஒரு நாள், அவள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். மொட்டைமாடிக் கொடியில் போர்வை தொங்கியது. சொட்டச் சொட்ட ஈரம். ஆற்றங்கரையில் இருந்த மெரூன் வெல்வெட் வீடுகளெல்லாம் சாயம் விட்டு, நீலம் முழுக்கச் செங்கலைக் கரைத்து ஊற்றியது போலக் கிடந்தது.

"யாருகிட்ட கேட்டு நனைச்சிய?"

"பொட்டியில கெடந்த துணியில்லா, ஒரு வாடை இருந்துது. அதான் சுடுதண்ணியில..." திரைத்துணியை வெட்டத் தெரிந்தவர்தான். வெட்டிக் கொடுத்ததை யாரும் துவைத்து அவர் பார்த்ததில்லை.

"இத்தன வருஷம் எனக்க தலைக்குள்ள ஓடிச்சு. ஒரு சொட்டு கலங்கல. வெளிய எடுத்து உங்க கையில தந்தேன், ஒரே நாள்ல நாசமாக்கிட்டிய!"

அவருக்கும் கோபம் வந்தது. "உனக்க தலைக்குள்ளயா நான் இருந்தேன்? நான் வெயில்ல நின்ன ஊரு அது, மெஹரு. ஒரு அறையில எட்டுப் பேரு. படியும் கெடையாது, கால் நனைக்க ஆறும் கெடையாது. மண்ணுதான் இருந்துது. வெறும் மண்ணு!"

அவர்கள் கல்யாண வாழ்க்கையின் முதல் சண்டை அது. விடுமுறை நாட்களில் சண்டை போட நேரம் இருந்ததில்லை. போனில் போட மனசு வந்ததில்லை. அன்று இரவு முழுக்க அவர் சொன்ன அந்தக் கடைசிச் சொல் அவளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் ஆற்றங்கரையில் உலாவிய மதியங்களில் அவர் மண்ணில் நின்றிருக்கிறார். படியில் உட்காரவைத்ததெல்லாம் அவளுடைய ஆசை. அவரிடம் ஒரு தடவையாவது கால் வலிக்கிறதா என்று கேட்டிருக்கலாம்.

காலையில் முன்னறைக்கு வந்தபோது அவர் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, சிறு கத்தரியால் ஆற்றின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்த துணியில் ஒரு கீறல் விழாமல். அவள் எதிரில் உட்கார்ந்து, பிரித்த ஆற்றின் நூலை இழுத்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். ஆறு மேலிருந்து கீழாகக் கரைந்து அவள் கைக்குள் வந்தது.

"அந்த அறை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். "எட்டுப் பேரு இருந்தது."

அவர் தையலைப் பிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டடுக்குக் கட்டில்கள். அவருடையது மேல்கட்டில். தலைமாட்டில் ஒரு சின்னச் சன்னல். திரைச்சீலை வெட்டுகிறவன் அறைச் சன்னலுக்குத் திரை கிடையாது, செய்தித்தாள்தான் ஒட்டியிருந்தது. சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. மழ பெஞ்ச அன்னைக்கு ரோடெல்லாம் வெள்ளம் நிக்கும். எறங்கி நடக்கும்போ காலு நனையும். உள்ளதச் சொன்னா, அன்னைக்கெல்லாம் சந்தோசமாத்தான் இருந்துது."

இந்த முறை ஆற்றை அவள் அகலமாகப் பின்னினாள். சாயம் போகிறதா என்று ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே நனைத்துப் பார்த்தபிறகே தைத்தார்கள். ஆற்றின் இரு கரையிலும் அவர் பிஸ்கட் நிறச் சணல் துணியில் நிறைய மணல் வைத்தார். ஒரு மூலையில் எட்டுப் பேர் படுக்கும் அறை வந்தது. அதன் சன்னலுக்கு மட்டும் அவள் வெள்ளை நூலில் ஒரு திரை பின்னினாள், நகத்தளவுதான் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜுஹைனா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சத்தம் கேட்டது. வாப்பாவும் உம்மாவும் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். பதறிப்போய் உள்ளே ஓடினாள்.

"கடைப்பக்கம் வச்சாத்தான் பாலம். நான் எத்தன தூரம் சுத்திப் போவேன்?"

"கடைப்பக்கம் வெள்ளம் ஆழம். சூடானிக்க வீட்டுக்கு எதிர்க்க வையுங்க. கூடக் கொஞ்சம் நடந்தா காலு தேஞ்சா போவும்?"

"நடந்தவனுக்குல்லா தெரியும்!"

இரண்டு பேரும் தரையில் குப்புற விழாத குறையாகப் போர்வையின் இருபக்கமும் முட்டி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு முழம் பழுப்புத் துணி, பாலமாக இருக்கவேண்டியது, இருவர் கையிலும் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஜுஹைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மணல் கரையோரமாகப் போகும் ஒரு சின்னத் தெருவில் விரல் வைத்து நடந்தாள். தெரு போர்வையின் ஓரம் வரை போய் அங்கேயே நின்றது.

"இது எங்க போகுது வாப்பா?"

அப்துல் ரசாக் தலையைத் தூக்கினார். மனைவியைப் பார்த்தார். மெஹ்ருன்னிசா கொஞ்சம் யோசித்தாள்.

"அந்தப் பக்கம் இன்னும் ஊரு வரல மக்கா" என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியை இழுத்து அடியில் என்னென்ன துணி மிச்சமிருக்கிறது என்று துழாவத் தொடங்கினாள்.